முகவரி இல்லாத கண்ணீர்

சுற்றுச்சூழல் விழா என்பது இன்று நம்மிடையே தனியொரு கலைவடிவமாகவே வளர்ந்து நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 5 அன்றும், செப்டம்பர் முதல் நாள் தொடங்கி அக்டோபர் 4, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருநாள் வரை நீளும் படைப்பின் காலத்திலும் நம் கல்லூரிகளிலும் பங்குகளிலும் நடைபெறும் இவ்விழாக்களுக்கு, நாடகத்திற்கு இருப்பது போன்றே ஓர் அமைப்பு உண்டு; காட்சிகள் உண்டு; மாறாத வரிசை உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடைக்குப் பதிலாக ஒரு மரக்கன்று, கவியரங்கம், மௌன நாடகம், உறுதிமொழி, நன்றியுரை, நாட்டுப்பண். ஆயிரக்கணக்கான இளையோர் தம் சொல்லையும் குரலையும் உழைப்பையும் கொட்டி அரங்கேற்றும் ஒன்றை, நாவலையும் திரைப்படத்தையும் எடைபோடுவது போல யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. நல்ல நோக்கத்தோடு செய்யப்படுவதைக் குறை கூறலாமா என்னும் தயக்கமே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். நோக்கம் நல்லதாக இருப்பதாலேயே அதை எடைபோட்டாக வேண்டும் என்பது என் எண்ணம். மோசமான காதல் கவிதையால் காதலுக்கு ஒரு கேடும் வந்துவிடாது. மோசமான ஏரிக் கவிதையால் ஏரிக்குக் கேடு வரக்கூடும். ஏரிக்காக ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவை அது நமக்குத் தந்துவிடுகிறது.

இவ்விழாக்களின் வேர் கல்லூரி வளாகத்தில்தான் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா கடற்கரையில் எண்ணெய் பரவியதைக் கண்டு கலங்கிய அமெரிக்க மேலவை உறுப்பினர் கேலார்டு நெல்சன், வியட்நாம் போரை எதிர்த்துப் பல்கலைக்கழகங்களில் நடைபெற்றுவந்த விவாத அரங்குகளின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, 1970 ஏப்ரல் 22-ஐ முதல் புவி நாளாக அறிவித்தார். அதை ஒருங்கிணைத்த டெனிஸ் ஹேய்ஸ் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் அதில் கலந்துகொண்டனர் என்று அதன் வரலாறு கூறும். அதன் பிற்பகுதி நம் மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த ஏற்பாட்டாளர்களே அவ்வாண்டில், சுற்றுச்சூழலுக்கு எதிராக வாக்களித்துவந்த பன்னிரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களின் பெயர்களைத் திரட்டி, 'அழுக்குப் பன்னிருவர்' என்று பட்டியலிட்டு வெளியிட்டனர். அடுத்து வந்த தேர்தலில் அவர்களுள் எழுவர் தோற்றனர். தூய காற்றுக்கான சட்டம் அவ்வாண்டின் இறுதியிலும், தூய நீருக்கான சட்டம் 1972-இலும் நிறைவேறின. விழா நடத்தியவர்களுக்கு யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பது தெரிந்திருந்தது.

நம் நாட்டில் இது வேறு வழியாக வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கப் பணித்தது. 2003-இல் அதே நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியபின் பட்டப்படிப்பு முழுவதற்கும் அது பாடமாயிற்று. பாடம் கட்டாயமானபோது விழாவும் கட்டாயமானது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் அறிக்கையில் ஒளிப்படத்துடன் ஒட்டப்பட வேண்டிய ஒரு பக்கமாக அது சுருங்கியது இப்படித்தான்.

ஜூன் 5-ஐப் பற்றி இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1972-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகளின் மாநாடு தொடங்கிய நாள் அது; உலகச் சுற்றுச்சூழல் நாளாக 1973 முதல் கொண்டாடப்படுகிறது. நம் வானத்துக்கும் அந்த நாளுக்கும் தொடர்பில்லை. தென்மேற்குப் பருவமழை பெறும் குமரியையும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தையும் விட்டுவிட்டால், தமிழகத்தின் பெரும்பகுதிக்கு மழை ஐப்பசியில்தான் வருகிறது. கத்திரி வெயிலின் சூடு தணியாத ஜூன் மாதத் தரையில், விருந்தினர் குனிந்து ஒளிப்படத்துக்கு முகம் காட்டி நடும் கன்று, ஆடிக்காற்று முடிவதற்குள் குச்சியாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த விருந்தினர் நடுகிறார். அக்டோபர் 4-இல் நட்டால் பதினைந்து நாள்களில் மழை கைகொடுக்கும். திருச்சபையின் நாள்காட்டி இந்த ஒன்றிலாவது நம் உழவரின் நாள்காட்டியோடு ஒத்துப்போகிறது. அதை நம் பங்குகளே கவனித்ததாகத் தெரியவில்லை.

இனிக் கவியரங்கத்துக்கு வருவோம். விழாவின் உயிர்நாடி அதுவே. நோயும் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. நான் கேட்ட கவிதைகளில் பெரும்பாலானவை 'மனிதா' என்ற விளியோடு தொடங்குகின்றன. மனிதன் மரத்தை வெட்டுகிறான், மனிதன் ஆற்றைக் கெடுக்கிறான், பூமித்தாய் அழுகிறாள், மனிதன் திருந்த வேண்டும். யார் இந்த மனிதன்? ஆற்றில் வலை வீசிச் சேற்றோடு வெறுங்கையாய்த் திரும்புபவனும் மனிதன். அந்த ஆற்றில் கழிவைத் திறந்துவிட ஆணையிட்டவனும் மனிதன். இருவரையும் ஒரே விளியில் கட்டிக் கண்டித்தால், முன்னவன் செய்யாத குற்றத்தைச் சுமக்கிறான். பின்னவன் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறான். எல்லாரையும் சுட்டும் சொல் ஒருவரையும் சுடுவதில்லை.

ஓசோன் ஓட்டை வேறு இன்னும் நம் கவிஞர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன்களே குற்றவாளி என்று பெயர் குறித்து, 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை செய்து, அவற்றின் உற்பத்தியை நாடுகள் படிப்படியாக நிறுத்தியதால், அந்தப் படலம் மெல்ல மீண்டுவருகிறது என்பது அறிவியலார் கூற்று. பெயர் சொன்னதால் தீர்ந்துவரும் ஒன்றைப் பெயரில்லாத பேரழிவாக இன்னும் பாடிக்கொண்டிருப்பது நகைப்புக்குரியது.

நம் மரபில் இந்தப் பொதுமை கிடையாது என்பதே வியப்பு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைத் தனித்தனிப் பெயரால் அடுக்குகிறார். 'மலர்கள்' என்று சொல்லி நகர்ந்துவிடவில்லை. நற்றிணையின் தலைவிக்கு மரம் என்பது ஒரு குறிப்பிட்ட புன்னை. அதைத் தன் உடன்பிறந்தவளாகக் கருதி அதன் நிழலில் காதலனோடு பேச நாணுகிறாள். குடபுலவியனாரைப் பாருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியனை நேருக்கு நேர் நின்று பாடும் அவர், புகழ் நிலைக்க வேண்டுமானால் நீர்நிலைகளை அமை என்று அவனிடமே சொல்கிறார். பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே பாட்டு போய் நிற்கிறது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு பறித்துக்கொண்டபோது எலியாவும் அந்தத் தோட்டத்துக்கே அனுப்பப்பட்டார். பேராசையைப் பற்றி அவர் கோயிலில் பொதுவாக ஒரு மறையுரை ஆற்றியிருந்தால், அரசனும் பக்தியோடு கேட்டுவிட்டுப் போயிருப்பான்.

சில ஆண்டுகளுக்கு முன், உலகத் தண்ணீர் நாளையொட்டி ஒரு கல்லூரியில் நடந்த கவிதைப் போட்டிக்கு மூன்று நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். பதினெட்டுக் கவிதைகள். பதினேழில் தண்ணீர் அமுதமாகவும் தாயாகவும் மூன்றாம் உலகப்போரின் காரணமாகவும் வந்துபோயிற்று. எஞ்சிய ஒன்றைப் படித்த மாணவி, தன் ஊர் ஏரியின் பெயரைச் சொன்னாள். மதகு தென்கிழக்கில் இருந்தது என்றாள். கலங்கல் எந்த ஆண்டு அடைபட்டது, ஏரி உள்வாயில் இன்று எழுந்து நிற்கும் கட்டடம் எது, அதன்பின் தன் தாய் எத்தனை தெரு கடந்து குடம் சுமக்கிறாள் என்று வரிசையாகச் சொன்னாள். கவிதையின் பிற்பாதி தளர்ந்திருந்தது. ஊர்ப்பெயர்களின் வலிமையில் நடந்த வரிகள், முடிவில் வழக்கமான பூமித்தாயிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆயினும் அன்று கேட்டவற்றுள் கண்ணால் கண்டு எழுதப்பட்டது அது ஒன்றே. நான் அதற்கே முதன்மை மதிப்பெண் இட்டேன். உடனிருந்த பேராசிரியர், "தலைப்பு தண்ணீர், ஃபாதர், இந்தப் பிள்ளை வழக்கு எழுதியிருக்கிறாள்" என்றார். மற்றவர் ஒன்றும் பேசாமல் மேடையின் பின்னே கட்டியிருந்த பதாகையைக் கண்ணால் காட்டினார். விழாவுக்குப் பொருளுதவி செய்தோரின் பெயர்கள் அதில் இருந்தன. கூட்டிப் பார்த்தபோது அவளுக்கு நான்காம் இடம், பரிசுகள் மூன்று. பரிசு பெற்ற கவிதைகளில் ஒரு வரியும் இன்று என் நினைவில் இல்லை. மதகு தென்கிழக்கில் இருந்தது என்பது நினைவில் இருக்கிறது.

வழக்கும் கலையும் ஒன்றுக்கொன்று பகையா என்பதற்கு விடையாக இரண்டு பாடல்களைச் சொல்வேன். முதலாவது, சோபியா அஷ்ரப் என்னும் சென்னைப் பெண் பாடி 2015-இல் வெளிவந்த கொடைக்கானல் பாடல். அங்கே இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவைப் பழைய பொருள் கடைக்கு விற்றது வெளிப்பட்டதால் 2001-இல் மூடப்பட்டது. அங்கு வேலை செய்தவர்கள் தம் உடல்நலக் கேட்டிற்கு ஈடு கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடிவந்தனர். பாடல் அந்நிறுவனத்தைப் பெயர் சொல்லி அழைத்தது. சில நாள்களில் பல இலட்சம் பேர் அதைக் கண்டனர். 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளரோடு உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு ஒன்றே இதைச் சாதித்தது என்று நான் கூறமாட்டேன். பதினைந்தாண்டுப் போராட்டத்தின் மேல் வைக்கப்பட்ட கடைசிக் கல் அது. மேலைநாட்டுத் துள்ளிசை மெட்டில் ஆங்கிலத்தில் பாடியது அத்தொழிலாளருக்கு அந்நியமாக இருந்திருக்காதா என்று கேட்கலாம். அப்பாட்டு தொழிலாளரை நோக்கிப் பேசவில்லை. அந்நிறுவனத்தின் பொருள்களை வாங்குவோரை நோக்கிப் பேசியது. தன் கேட்போர் யார் என்று தெரிந்து அவர்கள் மொழியிலேயே பேசுவதும் கலைத்திறனில் ஒரு பகுதிதான்.

இரண்டாவது பாடல் இன்னும் ஆழமானது. 2017 ஜனவரியில் வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடலைக் கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இராகமாலிகையாக இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா எண்ணூரின் சாம்பல் படிந்த ஈரநிலத்தில் நின்று பாடினார். பாடலின் கரு ஒற்றைச் சொல். புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். வரிவிதிப்புக்கு உட்படாமல் எல்லார்க்கும் பொதுவாக விடப்பட்ட நிலம். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று ஊரின் உயிர் அதில்தான் இருந்தது. பொது நிலத்தைப் பயனற்ற நிலம் என்று கருதப் பழகியபின், அச்சொல்லைப் பயனற்ற மனிதரைத் திட்டும் வசையாகவும் நாம் ஆக்கிக்கொண்டோம். ஒரு சொல் வசையாக மாறியதற்கும் ஒரு நிலம் குப்பைமேடாக மாறியதற்கும் உள்ள உறவை நூறு கருத்தரங்குகளைவிடத் தெளிவாக இப்பாடல் காட்டிவிட்டது. அந்த நிலத்தையும் அங்கு வாழும் எளியோரையும் ஒரே சொல்லால் இகழ்கிறோம் என்பதே அதன் கண்டுபிடிப்பு. சென்னையின் பேச்சுத் தமிழ் கருநாடக இசையின் நுட்பமான இராகங்களில் ஏறும்போது கேட்பவர்க்கு முதலில் ஒரு கூச்சம் தோன்றுகிறது. சபா மேடைக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று நம் உள்ளத்தில் இருக்கும் வேலியைத் தொட்டதால் எழும் கூச்சம் அது. வேண்டியே அவர்கள் அதைத் தொட்டிருக்கிறார்கள்.

குறையும் உண்டு. அனல்மின் நிலையத்தின் சாம்பலும் அலையாத்திக் காடுகளின் அழிவும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரமும் அந்தப் பாட்டால் நகரத்தார் பேச்சில் இடம்பெற்றன. ஆனால் இசை ஆர்வலர் பலர் அதை ஓர் இசைப் புதுமையாகவே கேட்டு மகிழ்ந்து கடந்துவிட்டனர் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடல் வந்து ஏழாண்டு நிறைவதற்குள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், அதே எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. வலைகளையும் படகுகளையும் இழந்த மீனவர் தாமே இறங்கி அந்த எண்ணெயை அள்ளினர். பாட்டு ஆற்றைக் காக்கவில்லை. ஆயினும் 'எண்ணூர்' என்று செய்தித்தாளில் படித்த பலருக்கு இம்முறை அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

மௌன நாடகங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. 2019 ஜனவரி முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்கள் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டபின், நம் மேடைகளில் ஒரே நாடகம் பல பெயர்களில் நடந்தது. அதில் தீயவராக வருபவர் யார்? நெகிழிப் பையில் பூ விற்கும் பெண். பொட்டலம் கட்டும் பெட்டிக்கடைக்காரர். சாம்பார் வாங்கிச் செல்லும் தொழிலாளி. பெரிய நிறுவனங்கள் தம் பொருள்களை அடைத்து விற்கும் உறைகளுக்கு அந்தத் தடையில் தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி ஒரு காட்சியையும் நான் கண்டதில்லை. பிள்ளைகள் கொடுமனத்தோடு இப்படி நடிக்கவில்லை. தம் கண்ணெதிரே இருப்பவரைத்தான் அவர்களால் நடித்துக் காட்ட முடிகிறது. உறையைத் தயாரிப்பவருக்கு மேடையில் முகம் இல்லை. நாடகம் முடிந்தபின் தண்ணீர்ப் பாட்டில்களையும் காகிதத் தட்டுகளையும் குனிந்து பொறுக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரோ, சுற்றுச்சூழலைப் பற்றி அன்று ஒரு சொல்லும் கேட்கப்படாத ஒரே சுற்றுச்சூழல் தொழிலாளியாக அந்த அரங்கில் நிற்கிறார். அவரை மேடைக்கு அழைத்துப் பேசச் செய்த விழா ஒன்றையாவது வாசக அன்பர்கள் அறிந்திருந்தால் மகிழ்வேன்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலை இத்தகைய விழாக்களில் மேற்கோள் காட்டாதவர் இல்லை. புனித பிரான்சிசின் பாடலிலிருந்து வந்த அதன் தலைப்பும், குருவிகளும் மலர்களும் நிறைந்த அதன் அட்டைப்படமும் நமக்குப் பழகிவிட்டன. ஆனால் அம்மடல், உண்மையான சூழலியல் அணுகுமுறை எப்போதும் சமூக அணுகுமுறையாகவே இருக்கும் என்றும், வறியோரின் வாழ்விடங்களிலிருந்து விலகி வசதியான இடங்களில் அமர்ந்து பேசுவோரால் பிரச்சினையின் வேரைத் தொட முடிவதில்லை என்றும் கண்டிக்கிறது. நம் வசதியைக் கலைக்காத மேலோட்டமான சூழலியலையும் அது தனியே இனங்காண்கிறது. படைப்பின் அழகைப் பாடும் பத்திகளை நாம் பதாகையில் அச்சிடுகிறோம். இந்தப் பத்திகளை அச்சிடுவதில்லை.

விழாக்களால் பயனே இல்லையா, இளம் உள்ளங்களில் ஒரு விதையாவது விழாதா என்று என் உடன்பணியாளர் சிலர் கேட்பதுண்டு. விழும், மறுக்கவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டம் கைவிடப்பட்டதில் கல்லூரி ஆசிரியர்களுக்கும் சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் ஊர்க் கூட்டங்களுக்கும் சுகதகுமாரி போன்ற கவிஞர்களுக்கும் பெரும் பங்கு இருந்தது. 1985-இல் அது தேசியப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது. அவர்களும் கவிதைதான் படித்தார்கள், கூட்டந்தான் நடத்தினார்கள். ஆனால் அவர்கள் பாடிய காட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. குந்திப்புழை என்று அதன் ஆற்றுக்கு ஒரு பெயர் இருந்தது. நிறுத்த வேண்டிய திட்டம் எது, நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதும் தெரிந்திருந்தது. பெயர் சொன்னால் வம்பு வரும் என்னும் அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. கல்லூரிக்கு நிலமும் வேண்டும், நன்கொடையும் வேண்டும், அனுமதியும் வேண்டும் என்பதை நிர்வாகத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். பெயர் சொல்லும் துணிவு இல்லாவிட்டால் இடத்தையாவது சொல்லலாம். இடத்தைச் சரியாகச் சொன்னால் பெயர் தானே வெளிப்பட்டுவிடும்; அந்த மாணவியின் கவிதையில் நடந்தது அதுதான்.

நம் இளையோர்க்கு ஒரு வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. தமிழகத்தில் கிராமசபை கூடும் நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு நாள்கள் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கல்லூரி அரங்கில் தண்ணீரைப் பற்றிக் கவிதைப் போட்டி நடக்கும் அதே நாளில், அம்மாணவர்களின் ஊர்களில், தண்ணீரைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றும் உரிமை பெற்ற ஒரு சபைக்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. பல ஊர்களில் அங்கே கூட்டம் சேர்வதில்லை. ஏரிகளைக் காக்கவும் அவற்றின் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எந்தப் புல எண் ஏரிப் புறம்போக்கு என்பது கிராம நிருவாக அலுவலரின் பதிவேட்டில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்து அதன் நகலைக் கேட்கலாம். அந்தப் புல எண்ணும், மதகின் திசையும், கலங்கல் அடைபட்ட ஆண்டும் இடம்பெறும் ஒரு கவிதையைக் கல்லூரியில் காலையில் படித்துவிட்டு, பிற்பகல் அதையே தீர்மானமாக எழுதிக் கிராமசபையில் கொடுக்க எந்த விதியும் தடையாக இல்லை. அங்கே நடுவர்கள் இருக்கமாட்டார்கள். தலைப்பை மீறிவிட்டாய் என்று அவளிடம் யாரும் சொல்லமாட்டார்கள்.